குரல் வாக்கெடுப்பும் ஒரு கட்டிச் சூடமும்

என் கணவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் அவர் வாய்க்கால் மதகில் நின்று கூப்பிட்டால், அந்தக் குரல் களத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, என் அடுப்படிக்குள் வந்து விழும். விவசாயக் கூலிகளுக்காக ஊர் ஊராகக் கோஷம் போட்டுப் பழகிய தொண்டை அது. அவருடைய அப்பா பண்ணை வீட்டுக் கொல்லையில் வாய்பொத்தி நின்ற காலத்துக்கெல்லாம் சேர்த்து இவர் கத்துகிறார் என்று கேலி செய்வேன். "கொஞ்சம் வால்யூமைக் குறைங்க, பக்கத்து வீட்டுல பிள்ளைங்க படிக்குது" என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற வசனம்.

அந்தத் தொண்டைக்காகத்தான் கட்சி அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. டெல்டாவிலிருந்து, அதுவும் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து ஒரு முகம் வேண்டும் என்று மேலிடத்தில் நினைத்தார்களாம். சட்டமன்றத்தில் இருந்த எங்கள் கட்சிக்காரர்களும் கூட்டணிக்காரர்களும் ஓட்டுப் போட்டார்கள், இவர் எம்.பி. ஆகிவிட்டார். வீடு வீடாகப் போய்க் கும்பிடு போடவில்லை, சுவரில் சின்னம் வரையவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. ஊர்க்காரர்களுக்குத்தான் புரியவில்லை. பஸ்ஸில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள்.

"நாங்க ஓட்டே போடலியே டீச்சர், எப்படி ஜெயிச்சாரு?"

"எம்.எல்.ஏ.ங்க எல்லாரும் சேந்து போட்டாங்க."

"அப்ப அவங்களுக்குத்தான் எம்.பி.யா? நமக்கு இல்லியா?"

நான் மன்னார்குடியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள், மக்களவையை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், மாநிலங்களவை மாநிலங்களுக்காக இருக்கிறது, அதை யாரும் கலைக்க முடியாது என்றெல்லாம் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் அந்தப் பாடம் எடுபடாது. நமக்கும்தான் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. வகுப்பில் அதட்டுவேன், அது வேறு. போன் அடித்தால் முதலில் யாருக்கு என்ன ஆச்சோ என்று நினைப்பேன், பிறகுதான் யார் என்று பார்ப்பேன். அவர் டெல்லிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கலக்கம் ஒரு நாளும் என்னை விட்டதில்லை. ஓட்டுப் போடாதவர்கள் அவரை இறக்கவும் முடியாது, ஆனால் அனுப்பிய கட்சி நினைத்தால் இறக்கிவிடும் என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது.

அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பதவியால் எங்கள் தெருவுக்கு ஒரு காரியம் நடந்தது. எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. யாராவது செத்தால் அடுத்தவர் வயலில் இறங்கி, சேற்றில் கால் புதைய, நட்ட பயிரை மிதித்ததற்கு வசவும் வாங்கிக்கொண்டுதான் தூக்கிப் போவோம். இவர் எம்.பி. நிதியில் அந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தார். முதன்முதலில் ஒரு பாடை சிமெண்ட் பாதையில் போனபோது தெருவே அழுதது, செத்தவருக்காக மட்டுமில்லை. அதனால் அந்தப் பதவியை இழப்பது என்பது எங்களுக்கு ஏதோ ஒரு கார் சவாரியை இழப்பது மாதிரி இல்லை.

அந்த மசோதா வந்தது, சம்பாப் பயிர் தூர் கட்டி நின்ற சமயத்தில். பூமிக்கு அடியில் இருக்கிற எரிவாயுவையும் எண்ணெயையும் எடுப்பது பற்றியது. ஒரு ஊரில் துளை போட வேண்டுமானால் அந்த ஊரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்று அதுவரை இருந்தது. இனி கேட்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஒரு வயலில் குழாய் வெடித்து, கதிர் வாங்கிய பயிரின் மேல் கறுப்பாகக் கொட்டியதை நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்திருந்தோம். அந்த வயலில் அதற்குப் பிறகு தவளைகூடக் கத்தவில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருப்பது ஒரு மா, இரண்டு மா நிலம். ஒரு ஏக்கருக்கு மூன்று மா. கூலிக்காரராக இருந்தவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய மண் அது.

மக்களவையில் அது ஒரே மத்தியானத்தில் நிறைவேறியது. மறுநாள் காலையில் எங்கள் வாசல் நிறைய ஆட்கள். முன்னால் நின்றவர் என் கணவருக்குப் பெரியப்பா முறை. வழக்குக்காரப் பெரியப்பா என்றுதான் ஊரில் பெயர். ஒரு வரப்பைப் பங்காளி அரை அடி நகர்த்திவிட்டார் என்று மன்னார்குடி கோர்ட்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு கோர்ட்டாக மேலே ஏறி, கடைசியில் ஜெயித்தவர். அவர் முகத்தில் கவலையே இல்லை.

"கீழ தோத்தா என்ன? மேல் சபை இருக்குல்ல. அப்பீலு நம்ம ஆளுகிட்டதான வருது" என்றார். "தம்பி, ஒரு ஸ்டே வாங்கிடு. மத்தத நிதானமாப் பாத்துக்கலாம்."

அவருக்கு மட்டுமில்லை, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அப்படித்தான் நினைப்பு. கோர்ட் படி ஏறி ஏறியே நிலத்தைக் காப்பாற்றிப் பழகிய ஊர். ஓர் இடத்தில் நடந்த அநியாயத்தை அடுத்த இடத்தில் போய்ச் சரிசெய்து கொள்ளலாம் என்பது அவர்களுக்கு வாழ்க்கையே காட்டிக் கொடுத்த பாடம். மாநிலங்களவையையும் அப்படி ஒரு கோர்ட் என்றே எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார் என்று நம்பினார்கள். வக்கீலைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பட்டா நகலும் சிட்டா நகலும் எடுத்து வந்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் குறுக்கே புகுந்தேன். "பெரியப்பா, அது கோர்ட்டு இல்லீங்க. அங்கயும் எண்ணிக்கைதான். மேல்சபை வேணாம்னு சொன்னாலும் ரெண்டு சபையும் சேந்து உக்காந்து முடிவு பண்ணலாம். அப்ப கீழ்ச்சபைக்காரங்கதான் தல அதிகம்."

"நீ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடும்மா. எங்களுக்குத் தெரியும்" என்றார் சிரித்துக்கொண்டே.

என் கணவர் மறுக்கவில்லை. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "பாத்துக்கறேன் பெரியப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்கள் போனதும் அடுப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தப் பாத்துக்கறீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கட்சி கொறடா உத்தரவு போட்டாச்சு. மசோதாவ ஆதரிக்கணும்."

"எதுத்துப் போட்டா?"

"பதவி போயிடும்."

"அன்னிக்குப் போகாமயே இருந்துட்டா? உடம்பு சரியில்லன்னு?"

"அதுவும் அதே குத்தம்தான். எதுத்தாலும் குத்தம், ஓட்டுப் போடாம சும்மா இருந்தாலும் குத்தம். சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. கட்சி மன்னிச்சாதான் உண்டு."

எனக்குத் தெரிந்த சட்டம்தான். கட்சித் தாவல் தடை என்று ஒரு பாராவில் நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அது என் அடுப்படி வரைக்கும் வரும் என்று நினைத்ததில்லை. ஆதரித்தால் ஊர் போய்விடும், எதிர்த்தால் பதவி போய்விடும், சும்மா இருந்தால் இரண்டும் போய்விடும். மேலவையில் ஆளும் தரப்புக்குத் தனியாக எண்ணிக்கை போதாது, எங்களைப் போன்ற சின்னக் கட்சிகள் சேர்ந்தால்தான் தேறும். அதனால் அவருடைய ஓர் ஓட்டையும் எண்ணிப் பார்ப்பார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு, சென்னையில் விமானம் பிடிக்க ரயிலுக்குப் போனார்.

ஓட்டெடுப்பு நடந்த நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. நாடாளுமன்ற சேனலை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. அங்கே பேசுவது ஆங்கிலம், இல்லாவிட்டால் இந்தி. அதனால் நான் டி.வி. பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. லீவு போட்டிருந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

எங்கள் கட்சிக்குக் கொடுத்த நிமிஷங்களைத் தலைவருக்கு நெருக்கமான ஒருவர் பேசித் தீர்த்தார். என் கணவருக்கு வாய்ப்பு வரவில்லை. ஒரு தடவை மட்டும் அவர் தலை பின்வரிசையில் தெரிந்தது. கூடமே கைதட்டியது. எதிர்க்கட்சிக்காரர்கள் மசோதாவை அலசிப் பார்க்கத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார்கள், நடக்கவில்லை. கோபித்துக்கொண்டு கூண்டோடு எழுந்து வெளியே போனார்கள்.

"ஏன் டீச்சர் போறாங்க? ஓட்டுப் போட வேணாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"எதிர்ப்பக் காட்டுறாங்களாம்."

"உள்ள இருந்து காட்டக்கூடாதா?"

அதைத்தான் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். உள்ளே இருக்கிற உறுப்பினர் ஒருவர் 'டிவிஷன்' என்று கேட்டாலே எல்லோரும் பொத்தானை அழுத்தி ஓட்டுப் போட வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாகும். கேட்கக்கூடியவர்கள் எல்லாம் வெளியே நின்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லையென்றால் குரல் வாக்கெடுப்புதான். ஆம் என்பவர்கள் ஆம் என்று கத்த வேண்டும், இல்லை என்பவர்கள் இல்லை என்று கத்த வேண்டும், எந்தச் சத்தம் பெரிது என்று அவைத் தலைவர் காதால் கேட்டு முடிவு சொல்வார். யார் என்ன சொன்னார் என்பது எந்தத் தாளிலும் இருக்காது.

"இப்ப சரிங்கிறவங்க சொல்லணும்" என்றேன். டி.வி.யில் அவைத் தலைவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. ஆம் என்பதற்கு அங்கே சொல்கிற 'ஐ' என்று ஒரு பெரிய உறுமல் எழுந்து அடங்கியது.

"இப்ப வேணாங்கிறவங்க."

கூடத்தில் எல்லோரும் டி.வி. பக்கம் சாய்ந்தார்கள். ஒரு நொடி. எங்கோ ஓரத்திலிருந்து ஒரே ஒரு 'நோ' கேட்டது. ஜலதோஷம் பிடித்தவர் சொன்னது மாதிரி மெல்லிய குரல். அவைத் தலைவர் நிமிராமலே மசோதா நிறைவேறியது என்றார்.

அவ்வளவுதான், கூடம் ஆர்ப்பரித்தது. "நம்ம அண்ணன்டா! ஒத்த ஆளா நின்னு சொன்னாருடா!" என்று விசில் பறந்தது. மசோதா நிறைவேறிவிட்டது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வழக்குக்காரப் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய்த் தீபாவளிக்கு மிச்சமிருந்த சரத்தைக் கொண்டுவந்து வாசலில் கொளுத்தினார்கள். அதைப் படம் எடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்கள்.

நான் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றேன். அது என் கணவர் குரல் இல்லை. டி.வி.யில் குரல் மாறும் என்பார்கள், அதெல்லாம் எனக்கு வேண்டாம். தூக்கத்தில் இருந்தாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்தப் பெரிய உறுமலுக்குள் அவர் இருந்தாரா?

பட்டாசுப் படம் அன்று சாயங்காலத்துக்குள் கட்சி ஆபீஸுக்குப் போய்விட்டது. அவர் போனை எடுக்கவில்லையாம், எனக்கு அடித்தார்கள். தலைமையில் இருக்கிற ஒரு செயலாளர். குரலில் தேன் வடிந்தது.

"அண்ணி, ஒண்ணும் பயப்படாதீங்க. அண்ணன் எதுத்துச் சொன்னதா ஒரு பேச்சு ஓடுது. ஊர்ல வெடிகூட வெடிச்சிருக்காங்க போல. அண்ணன் மசோதாவ ஆதரிச்சுத்தான் சொன்னேன்னு ஒரு சின்ன வீடியோ போட்டுட்டார்னா முடிஞ்சுது. தலைவர் கொஞ்சம் வருத்தமா இருக்காரு."

"பயப்படாதீங்க" என்று ஒருவர் சொன்னாலே பயப்பட வேண்டிய சங்கதி என்று அர்த்தம். அவர் வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதற்குள் ஊரிலும் காற்று மாறியது. வழக்குக்காரப் பெரியப்பாவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தவன். அவன் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, காதில் மாட்டி, திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். "இது அண்ணன் குரல் மாதிரி இல்லியே" என்று குழுவில் ஒரு வரி போட்டான். அந்த ஒரு வரி போதும். சட்டம் வந்துவிட்டது, ஸ்டே வரவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நேற்று விசில் அடித்தவர்களே இன்று "அவருதான்னு என்ன சாட்சி?" என்று கேட்டார்கள். தெரு இரண்டாகப் பிரிந்தது. கடையில் நான் பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது.

சாட்சி இல்லாத சங்கதிக்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சும் காலத்தில் யாரோ அடுத்தவர் முறையில் மடையைத் திறந்துவிட்டுவிடுவார்கள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சந்தேகப்பட்டவர் வாய்க்கால் கரை அய்யனார் முன்னால் சூடம் கொளுத்தி, "நான் திறக்கவில்லை" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் பேசக்கூடாது. போலீஸ் ஸ்டேஷன் வந்தும், கேமரா வந்தும் அது மாறவில்லை. யார் என்ன சொன்னார் என்று எந்தத் தாளிலும் இல்லாத அந்தக் குரல் வாக்கெடுப்பும் அவர்களுக்கு யாரும் பார்க்காத மடைதான். வெள்ளிக்கிழமை என் கணவர் சூடம் அணைக்க வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. பொய்யாகச் சூடம் அணைத்த ஒருவர் கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மடையைத் திறந்துவிட்டு இல்லை என்று அணைத்தார். அந்த வருஷம் அவர் மகளுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. பாடம் நடத்துகிறவள் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்பீர்கள். எங்கள் மகள் பேராவூரணியில் புகுந்த வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குப் போன் போடும்போதெல்லாம் குழந்தை அசைகிறதா என்றுதான் முதலில் கேட்டேன். நம்பிக்கை வேறு, பயம் வேறு. பயத்துக்குப் படிப்பு கிடையாது.

வியாழக்கிழமை காலை ரயிலில் அவர் நீடாமங்கலத்தில் இறங்கி வந்தார். தோளில் அதே துணிப்பை. கை கால் கழுவக்கூட விடவில்லை நான். கட்சிக்காரர் கேட்ட வீடியோவைச் சொன்னேன், ஊர் கேட்கிற சத்தியத்தைச் சொன்னேன்.

"எங்கிட்டயாவது சொல்லுங்க. என்ன சொன்னீங்க அங்க?"

"நீ கேக்காத."

"நான் கேக்காம யாரு கேப்பா?"

"சொன்னா நீயும் சாட்சி ஆயிடுவ. நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் உனக்குத் தெரியாதுன்னு சொல்றதே உனக்கு நல்லது."

அவ்வளவு மெதுவாகச் சொன்னார். முப்பது வருஷமாக வால்யூமைக் குறைக்கச் சொன்னவள் நான். அன்றைக்கு அவர் கத்தினால் தேவலை என்று இருந்தது. "நாளைக்குச் சூடத்துல கை வெச்சு மட்டும் பொய் சொல்லிடாதீங்க. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இருக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் கட்சி மேடையில் சாமி இல்லை என்று பேசுவார். அய்யனார் கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வாய்க்கால் கரை நிறைந்துவிட்டது. எங்கள் தெரு மட்டுமில்லை, பண்ணை வீடுகள் இருக்கிற பெரிய தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். வாயு என்றால் அவர்கள் நிலத்துக்கும் அடியில்தானே இருக்கும். பூசாரி வெற்றிலை மேல் ஒரு கட்டிச் சூடத்தை வைத்து அய்யனார் காலடியில் வைத்தார். நான் பெண்களோடு நிற்காமல் அவர் பக்கத்திலேயே போய் நின்றேன். சுற்றிப் பார்த்தபோதுதான் அடுத்த பயம் என்னைப் பிடித்தது. எல்லோர் கையிலும் போன். எல்லாம் அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தது.

நாடாளுமன்றத்தில் எழுதி வைக்காததை இங்கே எழுதி வைக்கப் போகிறார்கள். அவர் வாயால் அவரே சொல்லப் போகிற வீடியோ. இல்லை என்று சொன்னேன் என்றால் அது கட்சிக்குப் போகும். ஆம் என்று சொன்னேன் என்றால் இங்கேயே முடிந்துவிடும்.

"போனையெல்லாம் உள்ள வைங்க!" என்று கத்தினேன். வகுப்பில் கத்துவது போலத்தான் கத்தினேன். ஒருவர்கூட இறக்கவில்லை.

"எடுக்கட்டும்" என்றார் அவர்.

சூடத்தைக் கொளுத்தினார்கள். காற்றில் சுடர் வளைந்தது. வழக்குக்காரப் பெரியப்பா கோர்ட்டில் கேட்பது போலவே, நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "தம்பி, அந்த மசோதாவுக்கு நீ இல்லன்னு சொன்னியா, ஆமான்னு சொன்னியா? அய்யனார் மேல ஆணையாச் சொல்லு."

என் கணவர் கையை நீட்டினார். உள்ளங்கை சுடருக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கை சுடுமே, சீக்கிரம் சொல்லித் தொலையுங்களேன் என்று நான் உள்ளுக்குள் கதறினேன். எதைச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. 'இல்லை என்று சொன்னேன்' என்றால் அது பொய். அது பொய் என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஆமான்னு சொல்லல" என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ கைதட்டப் போனார்கள்.

"இல்லன்னும் சொல்லல. நான் வாயே தொறக்கல."

உள்ளங்கையைப் படீரென்று சுடர் மேல் வைத்தார். கருகல் வாடை வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்து வாய்க்கால் தண்ணீரில் முக்கினேன்.

பெரியப்பாதான் கேட்டார். கோர்ட்டுக் குரல் போய்விட்டது, வெறும் வயசாளியின் குரல். "எல்லாத்துக்கும் கத்துவியேப்பா நீ. இதுக்கு ஏன்டா கத்தல?"

"பயமா இருந்துச்சு பெரியப்பா" என்றார் என் கணவர். தண்ணீரில் கையை வைத்தபடி, குனிந்தபடியே சொன்னார். "ஆமான்னு சொல்ல மனசு வரல. இல்லன்னு சொல்லப் பயம். பக்கத்துல கட்சிக்காரங்க உக்காந்திருந்தாங்க. அந்த நேரம் போயிடுச்சு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராகப் போனை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். சுடுகாட்டுப் பாதை வழியாகச் சிலர் போனார்கள். என் கணவர் துணிப்பையைப் பெரியப்பாவிடம் நீட்டினார். விமான நிலையத்தில் கட்டிய சீட்டு இன்னும் அதன் காதில் தொங்கியது. பெரியப்பா அதை வாங்கிக்கொண்டார், பிரித்துப் பார்க்கவில்லை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை வைத்தே, உத்தரவை மீறி வாக்களிக்காமல் இருந்தார் என்று கட்சி அவைத் தலைவருக்கு மனுக் கொடுத்தது. அது இன்னும் அங்கே கிடக்கிறது, தினமும் போன் அடிக்கும்போது அதுதானோ என்று நினைக்கிறேன். மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை, ஊரே கேட்கிற மாதிரி அழுகிறது. எங்கள் ஊர் எல்லையில் அளவுக்காரர்கள் வந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது. கதிர் முற்றிய வயலில் அந்தக் கல் நிற்கிறது.

அன்று கோயிலிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் வரப்பு வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். அவர் முன்னால், நான் பின்னால். ஈரத் துணியைக் கையில் சுற்றிவிட்டிருந்தேன். என் பைக்குள் போன் அடித்துக்கொண்டே வந்தது, கட்சிக்காரராகத்தான் இருக்கும், நான் எடுக்கவில்லை. மதகுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் நின்றார். கல்யாணமான புதிதில் நின்று கூப்பிட்ட அதே இடம்.

"நான் இல்லன்னு சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்துல யாருக்குக் கேட்டிருக்கப் போவுது?" என்றார்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு நொடியில் அவர் குரல் வருமா என்று காத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

"எனக்குக் கேட்டிருக்கும்" என்றேன்.